வலி திசை மாறும்போது

மூளை மிதந்துகொண்டிருக்கிறது. வெளியே எடுத்து எடை போட்டால் ஏறத்தாழ 1,400 கிராம் இருக்கும். மண்டைக்குள், தன்னைச் சூழ்ந்த நீரில், 50 கிராம் போலத்தான் கனக்கிறது. அந்த நீர் முழுவதையும் சேர்த்தாலும் 150 மில்லிலிட்டர்தான். மூளையின் உள்ளறைகளில் சுரந்து, வெளியே வந்து மூளையைச் சூழ்ந்து, முதுகுத்தண்டின் அடிவரை இறங்கி, கடைசியில் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 500 மில்லி அளவுக்குப் புதிதாக ஊறுகிறது. காலையில் நம் தலைக்குள் இருந்த நீர் இரவில் அங்கே இருப்பதில்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒருவர் தலை நிமிர்ந்து நடந்து போவதைச் சாதாரணமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

*

இந்த நீரைக் காத்து நிற்பது டூரா என்னும் உறை. முதுகெலும்புக்குள் எங்கேனும் அதில் கீறல் விழுந்தால் நீர் கசிகிறது. தாங்கும் நீர் குறைந்ததும், நிமிரும்போது மூளை கீழே தொய்கிறது. அதைப் பிடித்திருக்கும் உறைகளும் நரம்புகளும் இழுபடுகின்றன. எழுந்து நின்றால் பின்மண்டையில் வலி ஏறும். படுத்தால் இறங்கும். காது அடைத்துக்கொள்ளும், கழுத்து இறுகும், குமட்டும். சிலருக்குப் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும்.

1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர், முதுகில் ஊசி வழியே கோகெயின் செலுத்தி உடலின் கீழ்ப்பகுதியை மரக்கச் செய்யும் முறையைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்கச் சொன்னார். ஊசியும் குழலும் சரியாகப் பொருந்தாமல் நீர் நிறைய வழிந்துவிட்டது. அடுத்து வந்த நாட்களில் நிமிர்ந்தால் தலைவலி, படுத்தால் நிம்மதி. அனுபவித்ததை அவர் எழுதி வைத்தார். நம் ஊரில் சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டுக்கொண்ட தாய்மார்களில் சிலருக்கு இந்த வலி தெரியும். “தலையைத் தூக்காம படுத்திரு” என்று வார்டில் கேட்கும் குரலும் தெரியும்.

ஊசி எதுவும் குத்தாமலே இதே வலி வரலாம் என்று 1938-இல் எழுதியவர் ஜார்ஜ் ஷால்டன்பிராண்ட், அவரும் ஜெர்மானியர். தானாக நேரும் இந்தக் கசிவு ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெண்களுக்குக் கூடுதலாக, பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டி. ஒற்றைத் தலைவலி என்றும், சைனஸ் என்றும், கழுத்தெலும்புத் தேய்மானம் என்றும், ஒன்றும் கிடைக்காதபோது மனசு சரியில்லை என்றும் சொல்லப்பட்டு அலைந்தவர்கள் இதில் ஏராளம். தொய்ந்து இறங்கிய மூளையின் அடிப்பகுதியை ஸ்கேனில் பார்த்துவிட்டு, பிறவியிலேயே அப்படி அமைந்தது என எண்ணிப் பின்மண்டையைத் திறந்து அறுவை செய்த நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

*

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது தனி வேலை.

சிலருக்கு முதுகெலும்பின் வட்டிலிருந்து சுண்ணாம்பு ஏறிய ஒரு முள் வளர்ந்து, டூராவின் முன்புறத்தை வெளியிலிருந்து கிழிக்கிறது. பெரும்பாலும் மார்பு மட்டத்தில். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் யூர்கன் பெக்கும் அவருடைய சகாக்களும் 2016-இல் இதை விரிவாகக் காட்டினார்கள். சிலருக்கு நரம்பு வெளியேறும் இடத்தில் உறை மெலிந்து பையாகப் பிதுங்கிக் கிழிகிறது. இன்னும் சிலருக்குக் கிழிசலே இருக்காது. டூராவிலிருந்து நேராகப் பக்கத்துச் சிரைக்குள் ஒரு கள்ள வழி திறந்து, நீர் இரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும். இந்த மூன்றாவதை 2014-இல்தான் லாஸ் ஏஞ்சலஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் வவுட்டர் ஷீவிங்கும் உடனிருந்தவர்களும் முதலில் விவரித்தார்கள். அதற்கு முன் எத்தனையோ பேரின் ஸ்கேன்களைப் பார்த்து, கசிவு ஏதும் இல்லை என்று எழுதியிருப்பார்கள். எழுதியவர்கள் மீது குறையில்லை. வழி எப்படி இருக்கும் என்று தெரியாதபோது, கண் முன்னால் இருந்தாலும் தெரிவதில்லை.

முதலில் எல்லாருக்கும் கத்தி வைப்பதில்லை. படுக்கை, ஓய்வு. பிறகு நோயாளியின் கையிலிருந்து எடுத்த இரத்தத்தையே டூராவுக்கு வெளியே செலுத்தி ஒட்டுப்போடுவது. 1960-இல் ஜேம்ஸ் கார்ம்லி என்ற அமெரிக்க மருத்துவர் இரண்டு மூன்று மில்லி இரத்தத்தோடு தொடங்கி வைத்த முறை இது. அதற்கும் அடங்காதவர்கள்தான் அறுவை அரங்குக்குப் போகிறார்கள்.

*

முன்பக்கக் கிழிசலை மூடும் அறுவையைப் பற்றி ஒரு மருத்துவர் விளக்கக் கேட்டிருக்கிறேன். முதுகுப் பக்கமிருந்து நுழைய வேண்டும். கிழிசலோ தண்டுவடத்துக்கு முன்னால். நடுவில், நம் கால்களையும் சிறுநீரையும் மூச்சையும் தன் வசம் வைத்திருக்கும் அந்த மென்மையான வடம். டூராவின் பின்புறத்தைத் திறந்து, வடத்தைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் சிறு இழைகளில் ஓரிரண்டைத் துண்டித்து, வடத்தை ஒரு சில மில்லிமீட்டர் மட்டும் திருப்புகிறார்கள். அந்த இடுக்கு வழியே முள்ளைச் சீவி எடுத்து, கிழிசலைத் தைக்கிறார்கள் அல்லது மேலே ஒட்டு வைக்கிறார்கள். அந்த நேரம் முழுக்க கை கால்களில் பொருத்திய மின்முனைகள், வடத்தின் வழியே செய்தி போய்வருகிறதா என்று சொல்லிக்கொண்டே இருக்கும். செய்தி மங்கினால் கை நிற்கும்.

ஒரு கசிவை மூட, மருத்துவர் தன் கையாலேயே இன்னொரு திறப்பு உண்டாக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் அதையும் அவரே தைக்க வேண்டும். இதைக் கேட்ட அன்று வெகுநேரம் வேறெதையும் யோசிக்க முடியவில்லை.

*

என் அக்காவுக்கும் இந்தக் கசிவுதான். அவளுடைய அறுவை நல்லபடியாக முடிந்தது. கிழிசல் கிடைத்தது, மூடியாயிற்று, கால்கள் அசைகின்றன, சிறுநீர் போகிறது. வீட்டில் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டோம்.

மறுநாள் இரவு அவளுக்குத் தலை வலித்தது. முன்பு பின்மண்டையில் வந்த வலி இப்போது நெற்றியில், கண்களுக்குப் பின்னால். குமட்டி வாந்தி வந்தது. வெளிச்சம் ஆகவில்லை. மாதக்கணக்கில் அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து படுக்கை. வலி வந்ததும் உடம்பு தானாகத் தலையணையைத் தள்ளிவிட்டுச் சமமாகப் படுத்துக்கொண்டது. படுக்கப் படுக்க வலி ஏறியது.

“மறுபடியும் கிழிஞ்சிடுச்சு போல. எல்லாம் வீணாப் போச்சு” என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். வந்ததும் வேறெதையும் கேட்கவில்லை. “அக்கா, படுத்தா ஜாஸ்தியா, உக்காந்தா ஜாஸ்தியா?” என்றாள். அக்கா யோசித்தாள். அந்தக் கேள்வியை அவள் தன்னிடமே கேட்டுப் பார்த்திருக்கவில்லை. பிறகு, “படுத்தாத்தான்” என்றாள், ஏதோ தப்பாகச் சொல்கிறோமோ என்ற குரலில். டாக்டர் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னாள். “அடைப்பு நல்லா நிக்குதுன்னு அர்த்தம். தண்ணி உள்ளேயே தங்குது. தலை இன்னும் அதுக்குப் பழகலை.”

*

அந்தச் சொற்களை நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

மண்டையோடு விரியாத பெட்டி. அதற்குள் மூளை, இரத்தம், நீர் மூன்றும் இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று குறைந்தால் மற்றொன்று அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்றோ 1783-இலும், அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லி 1824-இலும் எழுதியவற்றிலிருந்து வளர்ந்த கருத்து இது. நீர் கசிந்த மாதங்களில் அக்காவின் தலைக்குள் சிரைகள் விரிந்து, காலியான இடத்தைத் தங்களால் முடிந்தவரை நிரப்பின. உறைகள் இரத்தம் ஏறித் தடித்தன. இல்லாமையைக் கொண்டு ஒரு குடித்தனம் நடத்த உடல் கற்றுக்கொண்டுவிட்டது.

இப்போது கசிவு மூடப்பட்டது. சுரப்போ அதே வேகத்தில் நடக்கிறது. போய்க்கொண்டிருந்த வழி இல்லை. விரிந்த சிரைகள் ஒரே இரவில் சுருங்கிவிடா. அழுத்தம் ஏறுகிறது. மூளையிலிருந்து இரத்தம் வெளியேறும் பெருஞ்சிரைகள் இயல்பிலேயே குறுகலாக உள்ளவர்களுக்கு இது நேர வாய்ப்பு அதிகம் என்றும் பார்த்திருக்கிறார்கள். அறுவைக்கு மட்டும் உரியதல்ல இது. இரத்த ஒட்டுப் போட்டாலும், சிரைக் கள்ள வழியைப் பசை கொண்டு அடைத்தாலும் வரும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தொடங்கி, பெரும்பாலோருக்கு நாட்களில் அல்லது வாரங்களில் தணிகிறது. சிலருக்கு மாதங்கள் நீள்கிறது.

நெடுநாள் பட்டினி கிடந்த வயிற்றுக்கு முழுச் சாப்பாடு வலியைத்தான் தரும். சோற்றின் குற்றமில்லை அது.

குறையில் பழகியவர்களுக்கு நிறைவு உடனே இனிப்பதில்லை என்பதை நான் வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு பச்சையாகப் பார்த்ததில்லை. இங்கே அது கண்ணுக்குப் பின்னால், மில்லிலிட்டர் கணக்கில் நடக்கிறது.

*

இன்னொன்றையும் இங்கே எழுதி வைக்க வேண்டும். இந்த நோய் உள்ள எல்லாருக்கும் அழுத்தம் குறைவாக இருப்பதில்லை. முதுகில் ஊசி போட்டு அளந்தால் பலருக்கு இயல்பான அளவே வருகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பஹ்ராம் மோக்ரி, இது அழுத்தத்தின் குறையைவிட நீரின் அளவுக் குறை என்று 1999-இல் எடுத்துச் சொன்னார். அளவுகோலில் வரும் எண் சரியாக இருக்கிறது என்பதற்காக நோயாளியின் வலி பொய்யாகிவிடாது. அறுவைக்குப் பின்னும் இதே நியாயம் செல்லும்.

*

அக்காவுக்குக் கொடுத்த மருந்து அசிட்டசோலமைடு. மருந்துக் கடையில் டயமாக்ஸ் என்றால் உடனே தெரியும். கண் நீர் அழுத்தத்துக்காகச் சாப்பிடும் பெரியவர்கள் பலர் உண்டு. மூளைக்குள் நீர் சுரக்க உதவும் ஒரு நொதியை இது தடுக்கிறது. சுரப்பு குறைந்தால் அழுத்தமும் இறங்கும். அதோடு தலையை உயர்த்திப் படுப்பது. அதற்கும் அடங்காமல் பார்வை மங்கினால், முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்துவிடுவது. எந்த நீர் போய்விட்டதற்காக முதுகைத் திறந்தார்களோ, அதே நீரில் கொஞ்சத்தை வெளியே எடுப்பது.

மாத்திரை சாப்பிட்ட அக்காவின் விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்ந்தது போல் இருந்தது. வயிற்றுக்கு இதமாக இருக்கும் என்று அண்ணன் வாங்கி வந்த சோடாவை ஒரு மிடறு குடித்துவிட்டு, “கேஸ் போன பழசு” என்று நீட்டினாள். அப்போதுதான் உடைத்த பாட்டில். நாக்கில் சோடாவின் சுறுசுறுப்பை உணரவும் அதே குடும்பத்து நொதிதான் வேண்டியிருக்கிறது. மருந்து அதையும் சேர்த்தே அடக்கிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டபோது அவள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஆர்வம் தெரிந்தது. தன் உடம்பில் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது என்பதே ஒருவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்.

*

மற்ற சிக்கல்களைச் சுருக்கமாக.

தைத்த டூரா முழுதாக ஒட்டாமல், நீர் தசைக்கடியில் பையாகச் சேரலாம். முதுகில் மெத்தென்ற வீக்கம், சில வேளை தையல் வழியே தெளிந்த நீர். வெளியே கசிந்தால் அந்த வழியில் கிருமி உள்ளே போகும், மூளையுறையில் அழற்சி வரும் என்பதால் இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

சிரைக் கள்ள வழியை மூடச் சில சமயம் அந்த இடத்து நரம்பின் வேரையே கட்டிவிடுவார்கள். மார்பு மட்டத்தில் இது இயலும். மார்பைச் சுற்றி ஒரு பட்டை அகலத்துக்கு மரத்துப்போகும், அல்லது எரியும். கைக்கும் காலுக்கும் போகும் நரம்புகளை அப்படித் தியாகம் செய்ய முடியாது. 2021-இல் மேயோ கிளினிக்கில் வலீத் பிரிஞ்சிக்ஜியும் சகாக்களும், தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயைக் கொண்டுபோய் உள்ளிருந்தே அந்த வழியைப் பசையால் அடைத்ததை வெளியிட்டார்கள். முதுகைத் திறக்க வேண்டாம் என்பது பெரிய விடுதலை. ஆனால் மூடிய பின் வரும் அழுத்த வலி அவர்களையும் விடவில்லை.

வடத்தைத் திருப்பியதால் காலில் உணர்வு மாற்றம் வரலாம். பலருக்கு மெல்லச் சரியாகிறது. மூளையின் சிரைகளில் இரத்தம் உறைவது அரிது, ஆனால் நடக்கிறது. தலைவலியின் தன்மை மாறும்போது மருத்துவர் நினைவில் வைத்திருக்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது, அறுவை செய்த இடத்தில் இரத்தம் கட்டி வடத்தை நெரிப்பது. முதுகில் திடீரென்று கடும் வலி, கால்கள் தளர்வது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது. அப்போது மணி பார்த்துப் பேச நேரமில்லை. மறுபடி ஸ்கேன், மறுபடி அரங்கு.

*

இவ்வளவு ஆபத்து இருந்தும் ஏன் மூட வேண்டும்? அக்காவின் அறுவைக்கு முன் அம்மா கேட்ட கேள்வி.

ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடக்கும் முன்பக்கக் கிழிசலிலிருந்து இரத்தம் சிறுகச் சிறுக நீரில் கலந்து, அதன் இரும்பு மூளையின் மேற்பரப்பில் படிகிறது. கேட்கும் திறன் தேய்கிறது, நடை தள்ளாடுகிறது. படிந்ததை எடுப்பது கடினம். தொய்ந்த மூளையின் மேல் இரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. அறுவை வேண்டாம் என்பதும் ஒரு தீர்மானம்தான், அதற்கும் விலை இருக்கிறது. அம்மா இதை முழுக்கக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடும் இடம் எது என்று மட்டும் கேட்டாள்.

*

எனக்கு மனம் ஆறாத ஒன்று உண்டு.

கசிவு மூடிய பிறகு வலி வரலாம், அது வேறு திசையில் வரும் என்று அறுவைக்கு முன்பே நோயாளியிடம் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் பல பேருக்குக் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் பழைய பழக்கத்தில் சமமாகப் படுக்கிறார்கள், வலி கூடுகிறது. அறுவை தோற்றது என்று எண்ணுகிறார்கள். இதைவிட மோசம், மீண்டும் கசிகிறது என்று தவறாக எண்ணி இன்னொரு இரத்த ஒட்டுப் போடப்படுவது. அது ஏற்கெனவே ஏறிய அழுத்தத்தை இன்னும் ஏற்றும்.

தோல்வி என்று நினைத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட அந்த இரவு அக்காவுக்கு வராமலே இருந்திருக்கலாம். அந்தத் தலைவலியைத் தடுத்திருக்க முடியாது. அந்த எண்ணத்தைத் தடுத்திருக்கலாம்.

*

ஸ்கேன் சுத்தமாகி, அழுத்தமும் சமமாகி, அதற்கப்புறமும் முன்போல் ஆகாதவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த உடம்பு எழுந்ததும் இதயம் படபடக்கிறது. தசைகள் கரைந்திருக்கின்றன. குனியும் ஒவ்வொரு முறையும், தும்மும் ஒவ்வொரு முறையும், கிழிந்துவிட்டதோ என்ற பயம். கவனம் நிற்பதில்லை, படித்த பக்கம் மனதில் தங்குவதில்லை. “ஆபரேஷன் சக்சஸ்தானே, அப்புறம் என்ன?” என்று கேட்கும் உறவினர்களிடம் அவர்கள் சொல்ல ஏதுமில்லாமல் சிரிக்கிறார்கள். உறையைத் தைத்துவிடலாம். அது கிழிந்திருந்த காலத்தில் ஒருவர் இழந்தவற்றை அந்த நூல் தொடுவதில்லை. அவர்களை நம்புங்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

*

டிஸ்சார்ஜ் ஆகும்போது கையில் தரும் தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவும் நானும் உட்கார்ந்து, மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, பீரோவின் உள்கதவில் ஒட்டினோம். வீட்டில் யார் இருந்தாலும் படிக்க வேண்டும் என்பதற்காக.

நாலு முதல் ஆறு வாரம் குனிவது, முறுக்கித் திரும்புவது, குடம் தூக்குவது கூடாது. தும்மலும் இருமலும் வந்தால் வாயைத் திறந்தே விட வேண்டும், அடக்கக் கூடாது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். வலி வந்தால் முதலில் கேட்க வேண்டியது, படுத்தாலா, எழுந்தாலா என்பது. படுத்தால் கூடுகிறது என்றால் தலையை உயர்த்தி வைத்துவிட்டு மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். எழுந்தால் கூடுகிறது என்றாலும் சொல்ல வேண்டும். மறுபடி ஸ்கேன் தேவைப்படலாம். பார்வை மங்கினால், ஒரு கணம் இருட்டி மீண்டால், கண் மருத்துவர் உள்ளே இருக்கும் நரம்பைப் பார்க்க வேண்டும். டயமாக்ஸை நாமாக நிறுத்தக் கூடாது, சொல்லும் கணக்கில் குறைக்க வேண்டும். தையலில் ஈரம், காய்ச்சல், கழுத்து விறைப்பு இருந்தால் அன்றே போக வேண்டும்.

கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதியவள் அக்கா. கால் தளர்ந்தாலோ சிறுநீர் நின்றாலோ போன் செய்து பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே வண்டியில் ஏறிவிடுங்கள்.